பச்சை விளக்கு வரும்வரை

எங்கள் வீட்டில் ஒரு வருத்தமும் இல்லாமல் இருந்த ஒரே ஆள் காரின் பற்றரிதான். எனக்கு முழங்கால் தேய்மானம். என் கணவருக்குச் சலரோகம், அதோடு சேர்ந்து இரத்த அழுத்தம். பற்றரிக்கு மட்டும் எட்டுக் குளிர்காலம் போயும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அப்படிப் பார்த்தார் அவர் அதை. அந்தக் கவனிப்பில் பாதியை எனக்குத் தந்திருந்தால் என் முழங்கால் இன்றைக்கும் புத்தம் புதிதாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். இப்போது அந்தப் பகிடியை நான் சொல்வதில்லை.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட்டில் நாங்கள் இருப்பது ஒரு மூன்று மாடி வாடகைக் கட்டடம். பின்பக்கத்தில் வரிசையாக ஆறு கராஜ். கடைசி கராஜ் எங்களுடையது. நவம்பர் மாதம் முதல் சனிக்கிழமை காலையில் அவர் நீலக் கையுறையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாரென்றால் ஏப்ரல் வரைக்கும் எங்களுக்குக் கார் இல்லை என்று அர்த்தம். முதலில் கறுப்பு வயரைக் கழற்றுவார், பிறகு சிவப்பை. பற்றரியைக் குழந்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கெல்லருக்குப் போவார். கட்டடத்துக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்டுப் போட்ட ஓர் அறை உண்டு. அதைத்தான் கெல்லர் என்கிறோம். கராஜில் கரண்ட் இல்லை, கெல்லரில் இருக்கிறது. அங்கே ஒரு பலகை, பலகைக்கு மேல் அவர் உடுத்திப் பழசான சாரம் ஒன்று மடித்தபடி, சாரத்துக்கு மேல் பற்றரி.

அதன் இரண்டு முனைகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்து வாஸ்லின் பூசுவார். மாதத்துக்கு ஒருமுறை மீற்றரை வைத்து அளந்து, குறைந்திருந்தால் சார்ஜரைப் பூட்டுவார். அளந்ததைக் குசினிச் சுவரில் தொங்கும் தமிழ்க் கலண்டரில் எழுதிவைப்பார். ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 12.6 என்று இருக்கும். நான் டொக்டரிடம் போகவேண்டிய தெர்மீன் நாட்கள் எல்லாம் அதே கலண்டரில் பென்சிலால் இருக்கும். பென்சில் எழுத்து மறந்துபோகும், சிவப்பு எழுத்து ஒருநாளும் மறந்துபோனதில்லை.

அவருடைய பற்றரிப் பைத்தியத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிறந்தநாள் வீடு, ஒரு கலியாண வீடு விடாமல் அவரே சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் சண்டையால் கரண்ட் இல்லாத வருடங்களில், பற்றரியே தடைசெய்யப்பட்ட சாமானாக இருந்தபோது, அவர் ஒரு சார்ஜ் போடும் கடையில் வேலைக்கு நின்றவர். தண்ணீர் இறைக்கும் மெசினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, அதிலிருந்து பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவார்களாம். சனம் சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு ஏழு எட்டு மைல் மிதித்து வரும். பத்துப் பன்னிரண்டு பற்றரிகளை ஒன்றோடொன்று தொடுத்து வரிசையாக வைப்பார்கள். அந்தக் கடையில் ஒரேயொரு சட்டம். வரிசை முழுக்கச் சார்ஜ் ஏறி முடியும்வரை ஒருவரும் கை வைக்கக்கூடாது. ஒருமுறை இவர் அவசரப்பட்ட ஒருவருக்காக நடுவிலிருந்து ஒன்றைக் கழற்றி, பொறி பறந்து, கடைக்காரரிடம் கன்னத்தில் வாங்கியிருக்கிறார். கதையை முடிக்கும்போது எப்போதும் கன்னத்தைத் தடவிக் காட்டுவார். "இடையிலை கழட்டினால் பற்றரி செத்துப்போகும்" என்பதுதான் கதையின் கடைசி வசனம். நானே அவருக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுவேன், அத்தனை தரம் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு கதையும் இருக்கிறது. அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பற்றரி முதன்முதலாகக் கெல்லருக்கு இறங்கியதற்கு முந்திய குளிர்காலம். ஹனோவர் பக்கத்தில் தெரிந்த பெண்பிள்ளை ஒன்றின் சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டு நாங்கள் இரண்டு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பின்னேரம் நாலு மணி இருக்கும். வேசர் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் ஐஸில் வழுக்கி, கார் எங்களுடைய சொல்லைக் கேட்கவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த பக்கத்தைப் பார்த்தபடி நின்றது. என் மடியிலிருந்த பலகாரத் தட்டம் கண்ணாடியில் போய் அடித்தது. எதிரே ஒரு லொறி ஹோர்ன் அடித்தபடியே வந்து, ஒரு கார் நீளம் இருக்கும்போது நின்றது. லொறிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினான். இவரால் கண்ணாடியை இறக்க முடியவில்லை. ஸ்ரியரிங்கில் இருந்த கை அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கராஜுக்குள் நிறுத்திவிட்டு, "இஞ்சரும், இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். நானும் சொல்லவில்லை.

அடுத்த நவம்பரில் பற்றரி கீழே போனது. றோட்டில் போடும் உப்பு காரைத் தின்றுவிடும், குளிர் பற்றரியைத் தின்றுவிடும், நாங்கள் வேலைக்கு பஸ்ஸில்தானே போகிறோம், சும்மா ஏன் காரைப் பழுதாக்குவான் என்றார். கேட்க நியாயமாக இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்காமல் எட்டு வருடம் இருந்தேன். அதற்கு ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

என்னிடம் அப்போது லைசென்ஸ் இல்லை. வந்த புதிதில் இரண்டுமுறை எழுத்துச் சோதனையில் விழுந்தேன். மூன்றாம் முறைக்குப் போக வெளிக்கிட்டபோது, "ஒரு வீட்டுக்கு ஏன் ரெண்டு றைவர்" என்று அவர் கேட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

எனக்கு ஒரேயொரு அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். ஹனோவரில் மகளோடு இருந்தாள். அத்தான் இறந்து ஆறு வருடம். எங்கள் அம்மா ஊரில் இறந்தபோது எங்கள் இருவருக்கும் விசா விஷயம் முடியவில்லை, ஒருவராலும் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ரெலிபோனை அம்மாவின் தலைமாட்டில் பிடித்தார். இங்கே நானும் அக்காவும் ஒரு கட்டிலில் இருந்து அங்கே மற்றவர்கள் அழுவதைக் கேட்டோம். அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நாங்கள் ரெண்டு பேரும் இப்பிடிப் போகக்கூடாது. ஆர் முந்தினாலும் மற்ற ஆள் பக்கத்திலை இருக்கவேணும்."

நான் ஓம் என்றேன். அப்போது இருவருக்கும் முப்பது சொச்சம் வயது. சாவு என்பது வேறு யாருக்கோ வருகிற விஷயம்.

போன வருடத்துக்கு முந்திய ஒக்டோபரில் அக்காவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று சொன்னார்கள். கண்டுபிடிக்கும்போதே பிந்திவிட்டது. ஞாயிறு தோறும் ரயிலில் போய் வந்தேன். தை மாதம் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் வேறு வார்ட்டுக்கு மாற்றினார்கள். ஒருவரும் அவசரப்படாத வார்ட் அது. பூச்சாடி, மென்மையான வெளிச்சம், மெதுவாகக் கதைக்கும் நேர்சுகள். அந்த அமைதியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு அக்கா. வெள்ளிக்கிழமையிலை இருந்து ஒரு கிழமை லீவு எடுத்திருக்கிறன். வந்து உங்களோடையே நிப்பன்."

"வெள்ளி" என்றாள். விரலால் கட்டிலின் விளிம்பில் நாட்களை எண்ணுவதுபோலத் தட்டினாள். "சரி, பாப்பம்."

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில். அன்றைக்கே லீவு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள், பிறகு அதை அவர்களே சொன்னார்கள். அட்டவணை போட்டாயிற்றே, மற்றவர்களுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாதே என்று பேசாமல் இருந்தேன். இந்த நாட்டில் முப்பது வருடமாக ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் வாழ்ந்திருக்கிறேன். அதற்கு யாரும் மெடல் தரப்போவதில்லை.

புதன்கிழமை ரயில் ஸ்ட்ரைக் தொடங்கியது. எனக்குப் பின்னேர வேலை, அவருக்கு அன்றைக்கு லீவு. காலை ஒன்பது மணிக்கு அக்காவின் மகள் போன் எடுத்தாள்.

"சித்தி, டொக்டர் வந்து பாத்திட்டுப் போறார். சொந்தக்காரர் வாறதெண்டால் இண்டைக்கு வரச் சொல்லுங்கோ எண்டவர். சித்தி, கெதியா வாங்கோ."

அழுகை வரவில்லை. சப்பாத்தைத்தான் தேடினேன். அவர் குசினியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, அக்காவுக்குக் கடுமையாம். இண்டைக்கே வரட்டாம். வெளிக்கிடுங்கோ."

"ரெயில் ஓடேல்லையே."

"ரெயில் ஓடாட்டி என்ன, கார் நிக்குதுதானே."

அவர் கோப்பையை வைத்தார். "பற்றரி சார்ஜிலை போட்டிருக்கிறன். காலமை ஏழு மணிக்குத்தான் போட்டனான்."

"கழட்டிக்கொண்டு வாங்கோ."

"அப்பிடி இடையிலை கழட்ட ஏலாது. செத்துப்போகும். பிறகு ஓட்டோபான் றோட்டிலை நடுவழியிலை நிண்டால் என்ன செய்யிறது? அக்காட்டையும் போக ஏலாது, திரும்பி வீட்டையும் வர ஏலாது."

"அப்ப எத்தினை மணிக்கு முடியும்?"

"நாலு மணிக்குப் பச்சை லைட் வந்திடும். வந்த கையோடை வெளிக்கிடுவம். ஆறு மணிக்கு முன்னம் அங்கை நிப்பம். டொக்டர் இண்டைக்கு எண்டுதானே சொன்னவர், இப்ப எண்டு சொல்லேல்லையே."

நான் நம்பினேன். பற்றரி விஷயத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கன்னத்தில் அறை வாங்கிப் படித்த மனிதர் அல்லவா.

தெரிந்த இரண்டு குடும்பங்களுக்குப் போன் எடுத்தேன். ஒருவர் வேலையில் நின்றார், மற்றவர் குடும்பத்தோடு கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார். தூரத்தில் கார்ஹிங் என்ற ஊரில் படிக்கும் எங்கள் மகள் அங்கிருந்தபடியே பஸ் தேடினாள். ஸ்ட்ரைக் என்றபடியால் எல்லாம் நிறைந்துபோய், பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸில்தான் இடம் இருந்தது. "அம்மா, டாக்சி எடுங்கோ. யோசிக்காதேங்கோ, எடுங்கோ" என்றாள். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்தேன். "நூறு கிலோமீற்றருக்கு ஆர் டாக்சியிலை போறது? நாலு மணிக்குக் கார் இருக்குது" என்றார். மகளிடம் அதையே திருப்பிச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். இந்த இடத்தை எத்தனை தரம் நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. உடுப்பு அடுக்கினேன். அக்காவுக்குப் பிடித்த கனகாம்பர நிறச் சேலையைக் கட்டிக்கொண்டேன், கண்டால் சந்தோசப்படுவாளென்று. கெல்லருக்கு இறங்கிப் போனேன். சவர்க்காரத் தூளும் வெங்காயமும் மணக்கும் அந்த அறையில், பற்றரி சாரத்துக்கு மேல் இருந்தது. பக்கத்தில் சார்ஜர், அதில் சிவப்பு விளக்கு. வாளியைக் கவிழ்த்துப்போட்டு முன்னால் இருந்தேன். மேலே போய் மணியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இறங்கினேன். அப்படி நாலு தரம். மூன்றாம் தரம் கையெடுத்துக் கும்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாமிப் படத்துக்கு முன்னால் அல்ல, அந்தச் சிவப்பு விளக்குக்கு முன்னால்.

அவர் சாப்பிடவில்லை. பல்கனியில் போய் நின்று வெப்பமானியைப் பார்ப்பதும், போனில் வானிலையைப் பார்ப்பதும், கராஜ் வாசலில் உப்பைத் தூவுவதுமாக இருந்தார். "சைபருக்கு மேலை வருமாம் மத்தியானத்துக்குப் பிறகு" என்று தனக்குத்தானே சொன்னார். பாவம், அவருக்கும் பதற்றம்தான் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு தேத்தண்ணிகூடப் போட்டுக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அக்காவின் மகளுக்குப் போன் எடுத்து, போனை அக்காவின் காதுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன்.

"அக்கா, நான் வாறன். நாலு மணிக்கு வெளிக்கிடுறன். இருங்கோ."

மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அம்மாவுக்குச் செய்த அதே வேலையை அக்காவுக்கும் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் மனதில் பட்டது. பட்டும் என்ன, போனை வைத்துவிட்டுக் கெல்லருக்குத்தான் போனேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அக்கா போய்விட்டாள். இரண்டே கால் மணிக்குப் போன் வந்தது. நான் குசினிக் கதிரையில் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கெல்லர்ப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை.

விளக்கு இன்னும் சிவப்புத்தான்.

அவர் பிளக்கைப் பிடுங்கினார். கிளிப் இரண்டையும் கழற்றினார். பற்றரியைத் தூக்கினார்.

"பச்சை வரேல்லையே" என்றேன்.

அவர் பற்றரியோடு வெளியே நடந்தார். கராஜைத் திறந்து, பற்றரியை வைத்து, முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு, இறுக்கினார். ஸ்பனர் இரண்டு தரம் கீழே விழுந்தது. கெல்லரிலிருந்து கார் வரைக்கும் எல்லாமாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏறி இருந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல் இல்லை. இரண்டரை மாதம் நின்ற கார் நேற்றுத்தான் ஓடியதுபோல் உறுமியது.

நான் ஏறி இருந்தேன். ஹனோவருக்கு வெளிக்கிட்டோம். றோட்டு முழுக்கக் காய்ந்து கிடந்தது, உப்பின் வெள்ளைக் கோடுதான் இருந்ததே தவிர ஐஸ் இல்லை. அவர் வலது பாதையில் லொறிகளுக்குப் பின்னால் எண்பதில் ஓட்டினார். வேசர் பாலம் வந்ததும் அறுபது. நெற்றியால் வியர்வை வடிந்தது. அதையும் பார்த்தேன். அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் போனபோது அக்காவைச் சரியாக்கிப் படுக்கவைத்திருந்தார்கள். யன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள், இங்கே அப்படித்தான் செய்வார்களாம். அறை குளிர்ந்து கிடந்தது. அக்காவின் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். குற்றம் சொல்லும் பிள்ளை இல்லை அவள், நடந்ததைத்தான் சொன்னாள்.

"அம்மா மூண்டு தரம் கதவைப் பாத்தவா, சித்தி."

செத்தவீடு, எரிப்பு, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், எல்லாம் முறைப்படி முடிந்தன. அவர் எல்லாவற்றுக்கும் முன்னின்று ஓடித் திரிந்தார். பூ எடுக்க, ஐயரைக் கூட்டிவர, ஆட்களை ஸ்டேஷனில் இறக்க என்று நல்ல வெயில் நாட்களில் கார் ஓடியது. "உம்மடை மனுசன் தங்கம்" என்று அக்காவின் மாமியார் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார். நான் தலையாட்டினேன். பற்றரியை மட்டும் அவர் பிறகு கெல்லருக்குக் கொண்டுபோகவில்லை. கலண்டரிலும் சிவப்பு எழுத்து நின்றுபோயிற்று. செத்துப்போகும் என்று சொன்ன பற்றரி நாளுக்கு நாள் நன்றாகவே வேலை செய்தது. அது என் மனதில் ஒரு முள்ளாகக் கிடந்தது.

பங்குனியில் நான் கார் ஓட்டப் பழகும் பள்ளிக்கூடத்தில் பதிந்தேன். ஐம்பத்திரண்டு வயது. என் பக்கத்தில் இருந்த பெட்டைகள் என்னைத் துப்புரவாக்க வந்த ஆள் என்று நினைத்தார்கள். எழுத்துச் சோதனைக்குப் படிக்கப் படிக்க, காரைப் பற்றிய சாமான்களை எல்லாம் வீட்டில் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்தது. அப்படித்தான் சித்திரை மாதத்தில் ஒருநாள் கெல்லரில் இருந்த பழைய மேசையின் லாச்சியில் சார்ஜரோடு வந்த சிறு புத்தகம் கையில் அகப்பட்டது.

எட்டாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தது. சார்ஜ் ஏறுவதை எந்த நேரத்திலும் நிறுத்தலாம். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு கிளிப்பை. பற்றரிக்குப் பாதிப்பு இல்லை. என் ஜெர்மன் பிழையாக இருக்குமோ என்று மூன்று தரம் வாசித்தேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "ஓமம்மா, எப்பவும் கழட்டலாம். ஏன்?" என்று பதில் வந்தது. ஏன் என்று நான் எழுதவில்லை.

அந்தக் கடையின் சட்டம் அந்தக் கடைக்குச் சரி. அங்கே பன்னிரண்டு பற்றரி ஒரே வரிசையில். நடுவில் ஒன்றைக் கழற்றினால் மற்றப் பதினொன்றும் நின்றுபோகும், பொறி பறக்கும். எங்கள் கெல்லரில் ஒரேயொரு பற்றரி. பக்கத்தில் வேறு எதுவும் இல்லை, நின்றுபோவதற்கு. இதை யோசித்துக்கொண்டு படியேறினேன். ஐயோ பாவம், அந்தக் காலத்துப் பழக்கத்தை விடமுடியாமல் என்னை மறித்துவிட்டாரே, அவரும் அறியாமல் செய்ததுதானே என்று பாதிப் படியில் நின்று அவருக்காக இரங்கினேன். அந்த இரக்கம் ஒரு மாடி உயரத்துக்குத்தான் நின்றது.

அவர் குசினி மேசையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை அவருக்கு முன்னால் விரித்து வைத்தேன்.

"இதிலை என்ன எழுதியிருக்குதெண்டு பாருங்கோ."

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. புத்தகத்தைப் பார்க்கவும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பயிலை இருந்து?"

"வாங்கின அண்டைக்கே வாசிச்சனான்."

உள்ளித் தோல் மேசை முழுக்கக் கிடந்தது. ஒரு உள்ளிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். பிறகு கதைத்தார். அவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

"எனக்குப் பயமப்பா. அந்தப் பாலம். குளிர் தொடங்கினால் ஸ்ரியரிங்கிலை கை வைக்க ஏலாமல் கிடக்குது. அதுக்குத்தான் ஒவ்வொரு வருசமும் கழட்டி வைக்கிறனான். உமக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். அண்டைக்கு நாலு மணிக்குள்ளை வெயில் பட்டு றோட்டு காய்ஞ்சிடும், அக்கா அதுவரைக்கும் இருப்பா எண்டு நினைச்சன்."

"பயம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் டாக்சியிலை போயிருப்பனே. பிள்ளை சொன்னவள்தானே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அதைத்தான் சொல்ல ஏலாமல் கிடந்தது."

அவருக்கு மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. உள்ளித் தட்டத்தைத் தூக்கி எறிந்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கோபம் வந்தது. அன்றைக்கு அந்தப் பாலத்தில் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் நான். ஒருவருக்கும் சொல்லாதையும் என்றதும் வாயை மூடியவள் நான். அந்தப் பயத்தை எட்டு வருடம் என் வீட்டுக் கெல்லரில் பலகை போட்டு, சாரம் விரித்து வளர்க்கவிட்டுவிட்டு, வருகிறவர்களுக்குப் பகிடியாகச் சொல்லிச் சிரித்தவளும் நான்தான். இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கோபம்.

நான் அவரை மன்னிக்கவில்லை. விட்டுப் போகவும் இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் எத்தனையோ விதமாக இருக்கலாம், நாங்கள் இப்போது இப்படி இருக்கிறோம். சமைக்கிறேன், சாப்பிடுகிறார். மருந்து எடுத்தீங்களோ என்று கேட்கிறேன். எடுத்திட்டன் என்கிறார்.

புரட்டாதியில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. எழுத்துச் சோதனை முதல் தரத்திலேயே, ஓட்டம் இரண்டாம் தரத்தில். நவம்பர் முதல் சனிக்கிழமை அவர் கையுறையைப் போடவில்லை. நான் காரை வாகனம் திருத்தும் இடத்துக்குக் கொண்டுபோய்க் குளிர்கால ரயர் மாற்றினேன். அங்கே நின்ற மனிதர் பற்றரியையும் ஒரு கருவி வைத்துப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த வருடத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். இந்த வயதுப் பற்றரி இவ்வளவு நல்ல நிலையில் இருந்து தான் கண்டதில்லை, யார் இதைக் கவனித்தது என்று கேட்டார். என் கணவர் என்றேன். "வாழ்த்துச் சொன்னேன் என்று சொல்லுங்கள்" என்றார். நான் வீட்டில் அதைச் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் பற்றரி நன்றாக இருக்க வேண்டுமென்றால் கெல்லரும் வேண்டாம், சாரமும் வேண்டாம் என்று எனக்கு ஓட்டப் பழக்கிய பெண் சொன்னாள். கிழமைக்கு ஒருமுறை நீளமாக ஓட்டினால் போதுமாம். கடைக்குப் போய்வரும் ஐந்து நிமிட ஓட்டத்தால் ஒன்றும் ஏறாதாம், ஒரு மணித்தியாலமாவது ஓட வேண்டுமாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஹனோவருக்கு ஓட்டுகிறேன். அக்காவின் மகள் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள், அங்கே எங்களுக்கு இப்போது யாரும் இல்லை. ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தும் இடம் வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.

அவரும் வருகிறார். நான் கூப்பிடுவதில்லை, தானாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து ஏறுகிறார். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடியே இருப்பார். வேசர் பாலம் வந்தால் கண்ணை மூடுவார். நான் வேகத்தைக் குறைப்பதில்லை.

போன ஞாயிறு குளிர் மைனஸ் ஆறு. காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு மணியைப் பார்த்தேன். பத்து மணி பத்து நிமிடம். அவரும் பார்த்தார். அக்கா அன்றைக்கு இரண்டு பத்து வரைக்கும் இருந்தாள்.